கண் மின்னாத உருவம்

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள சேகர்,

உன் தீபாவளி வாழ்த்துக்குப் பதில் எழுதாமல் இத்தனை நாள் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நடந்துதான் போவேன் என்கிறார். சின்னவள் படிவம் ஆறில் சேர்ந்துவிட்டாள். மண்டோர் மகனுக்கு நீ மறுபடியும் கடன் கொடுத்திருக்கிறாயாமே, அந்த மிதிவண்டிக் கதைக்குப் பிறகுமா?

எழுத வந்ததற்கு வருகிறேன். கிராணி மாமாவின் துப்பாக்கிக்கு நாம் இருவரும் சேர்ந்து செய்த இரவுக்கண்ணை, இருட்டில் பார்க்க உதவும் அந்தக் கேமராக் கருவியை, நான் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மாமா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆறு மாத உழைப்பு, அதில் பாதி உன்னுடையது; ஆகவே ஏன் கழற்றினேன் என்று உனக்கு முழுவதும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கருவி நன்றாகவே வேலை செய்தது. நீ அனுப்பிய கேமராப் பலகையில் வில்லைக்கும் உணரிக்கும் நடுவில் இருந்த, அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் வடிகட்டிக் கண்ணாடியை நீ சொன்னபடியே மெல்ல நெம்பி எடுத்தேன். அதை எடுத்ததும் குவியம் இடம் மாறிவிட்டது. ஒரு மாலை முழுவதும் வில்லையைத் திருகிய பிறகுதான் படம் தெளிந்தது. மாமாவின் துப்பாக்கித் தொலைநோக்கியில் கண்ணை ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் தள்ளி வைத்துத்தான் பார்க்க முடியும் என்பதால், அதே தூரத்தில் கேமரா நிற்குமாறு பிவிசி குழாயை அறுத்து, உள்ளே பளபளக்காமல் இருக்கக் கறுப்புச் சாயம் பூசிப் பொருத்தினேன். மேலே 5 அங்குலத் திரை, பக்கத்தில் இரண்டு 18650 வகை மின்கலங்கள். விளக்குக்கு 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடியையே வைத்துக்கொண்டேன். 940 என்றால் எதிரே நிற்பவருக்குச் சிவப்புப் பொட்டுக்கூடத் தெரியாதுதான். ஆனால் அந்த அலைநீளத்தில் சிலிக்கான் உணரியின் பார்வை மங்கிவிடுகிறது, தூரம் எட்டவில்லை.

உண்மையில் என்னைப் பாடாய்ப் படுத்தியது நம் ஊர் ஈரம்தான். மழை விட்ட இரவுகளில் செம்பனைகளுக்கு நடுவே தொங்கும் பனியில் விளக்கொளி பட்டுத் திரும்பி, திரை முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. விளக்கைக் குழாயிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்த பிறகே பனியை ஊடுருவிப் பார்க்க முடிந்தது. உன் கடையில் இதைச் சோதிக்கும்போது பிள்ளைகளை அந்த விளக்கின் முன்னால் நிற்க விடாதே. கண்ணுக்கு ஏறத்தாழத் தெரியாத ஒளி என்பதால், எவ்வளவு வலுவாக இருந்தாலும் கண் கூசாது, இமை தானாக மூடிக்கொள்ளாது.

நாம் செய்தது புதிய வித்தை ஒன்றும் இல்லை என்பது உனக்குத் தெரியும். 1945இல் ஓக்கினாவாவில் அமெரிக்க வீரர்கள் அகச்சிவப்பு விளக்கைத் துப்பாக்கியில் பூட்டி, அதற்கான கனத்த மின்கலத்தைச் சுமந்துகொண்டு இருட்டில் காத்திருந்தார்கள். அதே ஏற்பாடு இன்று சில நூறு வெள்ளியில், ஒரு சாப்பாட்டு டப்பாவுக்குள் அடங்கிவிட்டது. அந்தப் பெருமை எனக்கு இருந்தது. அதை உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் அங்கே இருட்டில் அசைந்த மனிதனைத்தான் அவர்கள் தேடினார்கள் என்பதை நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை இரவு, மாமாவின் வீட்டுப் பின்புறக் குடிலில் உட்கார்ந்தோம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவிய பிறகு இரண்டு ஆண்டுகள் கண்ணிலேயே படாத காட்டுப்பன்றிகள் இப்போது திரும்பிவிட்டன. மாமாவின் மரவள்ளி ஒரு வரிசை விடாமல் போய்விட்டது, பக்கத்து மறுநடவுத் திடலில் இளம் செம்பனைகளின் குருத்தையும் தோண்டித் தின்கின்றன. அவருடைய கோபத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் முதல் நாள் வெறும் பார்வைதான், தோட்டாக்கள் பெட்டிக்குள் பூட்டியே இருக்கட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அந்தப் பிடிவாதத்தை நினைத்து இன்றும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன்.

ஒன்பதரை மணி இருக்கும், தூறல். ஏறத்தாழ அறுபது மீட்டரில் இரண்டு விளக்குகள்போல் கண்கள் மின்னின. மாடு என்று மாமா சொன்னார், சரிதான், மாடுதான். அதன் அருகில், தரையோடு தரையாக, கறுத்துக் குவிந்த இன்னொரு உருவம் மண்ணைக் கிளறுவதுபோல் அசைந்துகொண்டிருந்தது. அதன் கண் மின்னவில்லை. நாம் சின்னப் பிள்ளைகளாக லயத்தின் பின்னால் டார்ச் லைட்டோடு அவருக்குப் பின்னே நடந்தபோது அவர் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? மின்னினால் மாடு, நாய், மரநாய். மின்னாமல் அசைந்தால் பன்றி. மாமா என் முழங்கையைப் பிடித்து, "பன்றிதான்" என்றார். அவருடைய விரல் விசைக்குப் போனதை நான் பார்த்தேன், சேகர்.

அந்த உருவம் நிமிர்ந்து நின்றது. நம் பால்காரர். கன்று ஈனும் மாடு வீடு திரும்பவில்லை என்று தேடி வந்தவர், டார்ச் லைட் அணைந்துபோய், தலையில் கறுப்புப் பிளாஸ்டிக் பையைப் போர்த்திக்கொண்டு, இருட்டில் தடவித் தடவிக் கன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. மாமாவின் பாடம் ஏன் பொய்த்தது என்று தேடிப் படித்தேன். அது பொய்க்கவில்லை, அதைவிடக் கொடியது. மாடு, நாய், மரநாய் ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. உள்ளே போன ஒளியை அது திருப்பி அனுப்புவதால்தான் அவற்றின் கண் மின்னுகிறது. பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. மனிதனுக்கும் இல்லை. அப்படியென்றால், இருட்டில் மின்னாமல் அசைவது பன்றியாகவும் இருக்கலாம், பால்காரராகவும் இருக்கலாம். இத்தனை ஆண்டுகளும் நாம் அந்த விதியை நம்பித்தான் அவர் பின்னால் நடந்திருக்கிறோம்.

கருவி அந்த ஐயத்தைத் தீர்க்கவில்லை, கூட்டியது. அகச்சிவப்பில் இலைகளெல்லாம் வெள்ளை வெளேரென்று தெரிகின்றன. துணியின் நிறம் அழிந்துவிடுகிறது. நீலச் சட்டை, சிவப்புச் சட்டை எல்லாம் ஒரே சாம்பல். அந்தப் பிளாஸ்டிக் பை மட்டும் கறுப்பாகவே நின்றது, பன்றி முதுகைப்போல. நீ முன்பு சொன்ன வெப்பக் கேமராவைப் பல ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கினாலும், குனிந்த மனிதனும் பன்றியும் தூரத்தில் ஒரே வெள்ளைத் திட்டுதான். ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்பதை இரவுக்கண் அழகாகச் சொல்லும். அது யார் என்று சொல்லாது. திரையில் தெளிவாகத் தெரிகிறது என்ற நம்பிக்கையை மட்டும் கொடுத்துவிடும், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மறுநாளே கழற்றிவிட்டேன். முப்பது ஆண்டு உரிமம் வைத்திருப்பவனுக்கு நீ பாடம் சொல்கிறாயா என்று மாமா கத்தினார். என் அப்பாவின் பெயரையும் இழுத்தார். நான் எதிர்த்துப் பேசவில்லை. மரவள்ளியைக் காப்பாற்ற வேறு வழி இருக்கிறது: விநாடிக்கு ஒரு துடிப்பு மட்டும் அனுப்பும் முறையான வேலி மின்பெட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு கம்பி, அதற்கு மேல் இன்னொன்று. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது கொலைக்குச் சமம், அதற்கு நான் கைவைக்க மாட்டேன். ஆனால் இந்த வேலியை என் செலவில் நானே கட்டித் தருகிறேன் என்று சொல்லியும் அவர் கதவைத் திறக்கவில்லை. நீ சொன்னால் கேட்பார். சின்ன வயதிலிருந்தே உன் பேச்சுக்கு அங்கே தனி மதிப்பு. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்கு வருவாய் அல்லவா, அப்படியே இங்கேயும் வந்து அவரோடு ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போ.

இரவுக்கண்ணை இப்போது பால்காரரின் தொழுவத்துக்கு எதிரே ஒரு கம்பத்தில் பூட்டியிருக்கிறேன். கன்றை நாய்கள் நெருங்குகின்றனவா என்று அவர் வீட்டுக்குள் இருந்தபடியே பார்த்துக்கொள்கிறார். வரும்போது மறக்காமல் 6 மில்லிமீட்டர் வில்லை ஒன்று கொண்டு வா. 25 மில்லிமீட்டரில் தொழுவத்தின் ஒரு மூலைதான் தெரிகிறது.

அன்புடன்,
மணியம்