நோக்கோலை அவ்வளவு முற்ற விடாதே

திருகோணமலை

அன்பின் மகனுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் இருவரும் அங்கே நலமாயிருக்கக் கோணேசப் பெருமானை வேண்டுகிறேன்.

நீ அனுப்பிய தோட்டப் படத்தை அம்மா விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனை என்னிடம் நீட்டினா. படம் வடிவாய்த்தான் இருக்கிறது. சுவிஸ் பேர்ண் குளிரில் வேலையும் செய்துகொண்டு, வாடகைக்கு எடுத்த ஒரு துண்டு நிலத்தில் மண்ணைக் கொத்துகிறான் என் மகன் என்று வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் காட்டுகிறேன். ஆனால் அந்த நோக்கோலைப் பார்த்த பிறகு மனம் சரியில்லை.

ஏன் அவ்வளவு பெரிதாக விட்டாய்? ஐந்து, ஏழு சென்ரிமீற்றர் குறுக்களவு வந்ததும் பிடுங்க வேண்டிய காய் அது. நாற்று நட்டு ஆறு, எட்டுக் கிழமையில் அந்த அளவுக்கு வந்துவிடும். மண்ணுக்கு மேலே உருண்டு பருப்பது கிழங்கல்ல, தண்டுதான். விட்டால் அடியிலிருந்து நார் ஏறும், பிறகு கத்தி இறங்காது. அங்கே சூப்பர்ஷ்மெல்ட்ஸ் என்று ஓர் இனம் இருக்கிறது, கிலோக்கணக்கில் பருத்தாலும் முற்றாது. அதுவாயிருக்கும் என்று முதலில் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அது வெளிர்பச்சை, உன் படத்தில் நிற்பது ஊதா. அதிலும் சில காய் வாய் பிளந்து நிற்கிறது. நன்றாகக் காயவிட்டுத் திடீரென்று தண்ணீர் கிடைத்தால்தான் அப்படிப் பிளக்கும். கொஞ்சக் காலம் ஒருவரும் தண்ணீர் விடவில்லை, பிறகு பெரிய மழை ஒன்று பெய்திருக்கிறது. விவசாயப் போதனாசிரியராக எத்தனை தோட்டம் ஏறி இறங்கியிருப்பேன், எனக்குத் தெரியாதா?

பக்கத்து வரிசையில் மங்கோல்ட் கீரை அப்படியில்லை. வெளி இலையை மட்டும் அடியோடு ஒடித்து எடுத்த அடையாளம் ஒவ்வொரு செடியிலும் இருக்கிறது. ஒன்றில் இரண்டு, இன்னொன்றில் மூன்று. அதற்கு மேல் எடுத்தமாதிரித் தெரியவில்லை. அப்படியென்றால் நீ தோட்டத்துக்குப் போகாமல் இல்லை. போய், நோக்கோலைத் தாண்டி, கைப்பிடி இலையோடு திரும்பியிருக்கிறாய்.

அடுத்த முறை நோக்கோலே போடப்போவதில்லை, மங்கோல்ட்தான் வசதி என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தாய். வசதிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. நோக்கோல் ஒரு செடிக்கு ஒரு காய், பிடுங்கினால் இடம் வெறுமை. மங்கோல்டை வெளியிலிருந்து ஒடிக்க ஒடிக்க நடுவிலிருந்து புது இலை வந்துகொண்டே இருக்கும். லேசான உறைபனிக்கும் சாகாது. அடுத்த வருசம் பூத்தண்டு விடும் வரைக்கும் கவலையில்லை.

நீ கொடுத்தனுப்பிய விதையை இங்கே போட்டுப் பார்த்தேன். சொரசொரப்பான சிறு உருண்டை, பீற்றூட் விதையேதான். ஒன்றைப் புதைத்த இடத்தில் மூன்று நாலு முளை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு எழும்பியது. அது ஒற்றை விதையல்ல, கொத்து. கவனமாக ஐதாக்கி ஒரு குழியில் ஒன்றை மட்டும் விட்டேன். பிடுங்கியதை எறிய அம்மா விடவில்லை, அன்றைக்கே முருங்கை இலையோடு சேர்த்து வறை. பீற்றூட்டும் மங்கோல்டும் ஒரே இனம்தான். ஒன்றைக் கிழங்குக்காக வளர்த்தெடுத்தார்கள், மற்றதை இலைக்கும் தண்டுக்கும். இரண்டுக்கும் மூதாதை மத்தியதரைக் கடலோரத்தில் உப்புக் காற்றில் தானாக முளைக்கிற செடி. ஆங்கிலத்தில் சுவிஸ் சாட் என்று சொல்வதை வைத்து உங்கள் மலைகளில் பிறந்தது என்று நினைத்துவிடாதே. அந்தக் கடற்கரைக் குணம் இன்னும் போகவில்லை. ஆடி ஆவணியில் நம் கிணறு உவர்க்கத் தொடங்கினாலும் அது நிற்கிறது. மத்தியானம் இலை எல்லாம் தொய்ந்து கிடக்கும், பின்னேரம் பார்த்தால் நிமிர்ந்திருக்கும்.

நோக்கோலுக்கு இந்த வெயில் ஆகாது. முட்டைக்கோசு, கோலிப்பூ எல்லாம் அதன் இனம், குளிர் கேட்கும். மாரிக்கு நட்டால் இங்கே ஏதோ பேருக்குப் பருக்கும். போன மாரியில் கோட்டைப் பக்கம் திரிகிற மான் இரண்டு, படலை திறந்து கிடந்த நேரம் பார்த்து உள்ளே வந்து இலை முழுவதையும் மேய்ந்துவிட்டுப் போயின. சந்தைக்குத் தம்புள்ளை லொறியில் வருகிற நோக்கோலே எங்களுக்குப் போதும்.

ஆனால் உனக்கு மானும் இல்லை, உவரும் இல்லை. நோக்கோலுக்கென்றே செய்த குளிர் இருக்கிறது. அதை ஏன் விடுகிறாய்?

இன்னொன்று. மங்கோல்டில் ஒக்சலேற்று அதிகம், சிறுநீரகக் கல்லை உண்டாக்குகிற உப்பு அது. உனக்கு முந்தி வந்த கல்லை மறந்துவிட்டாயா? அன்றிரவு நீ பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. தினமும் அதைச் சாப்பிடாதே. சாப்பிடுகிற நாளில் கொதிநீரில் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிடு, ஓரளவாவது குறையும். கூடவே தயிர் சேர்த்துக்கொள். சுண்ணாம்புச் சத்து அதைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். மூதூர்த் தயிருக்கு அங்கே எங்கே போவது, கடையில் விற்கிற யோகர்ட்டையாவது வாங்கு. தண்ணீர் நிறையக் குடி. நோக்கோலில் இந்தத் தொல்லை இல்லை.

மருமகள் பிள்ளைக்கும் நோக்கோல்தானே விருப்பம். இங்கே வந்து நின்றபோது தோலைச் சீவி, பச்சையாகவே உப்பும் மிளகும் தூவி, அம்மாவுக்கும் ஒரு துண்டு ஊட்டிவிட்டது. இலையை எறியப் போன அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தி அதையும் வறுக்கச் சொன்னது. அன்றிலிருந்து இந்த வீட்டில் நோக்கோல் இலை குப்பைக்குப் போவதில்லை.

கொஞ்சம் பேருக்கு நோக்கோல் மிஞ்சிப்போகும் என்று யோசிக்கிறாயோ தெரியாது. முழுப் பாத்தியையும் ஒரே நாளில் நடாதே. இரண்டு கிழமைக்கு ஒருமுறை நாலைந்து நாற்று நடு. அப்போது ஒரே நேரத்தில் பருத்து நிற்காது. பிஞ்சாகப் பிடுங்கினால் ஒரு ஆளுக்கும் ஒன்று அளவாயிருக்கும். இரண்டு பேருக்கு இரண்டு. அதில் என்ன கஷ்டம்.

போன ஞாயிறும் நீ எடுக்கவில்லை. அதற்கு முதல் எடுத்தபோது பிள்ளை வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னாய், அதற்கும் முதல் படுத்துவிட்டது என்றாய். சரி. வேலை செய்கிற பிள்ளைதானே, களைப்பிருக்கும். அம்மா பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்வந்து, கேளுங்கள் கேளுங்கள் என்று என்னை நச்சரிக்கிறா. எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை, எழுத இவ்வளவுதான் இருக்கிறது. தண்ணீர் குடி. இலையை அவித்துத் தண்ணீரை ஊற்று.

பக்கத்து வீட்டு மருமகன் அடுத்த மாதம் அங்கே திரும்புகிறார். மிளகாய்த்தூளும் கருவாடும் அம்மா இரண்டு பார்சலாகக் கட்டி வைத்திருக்கிறா, ஒன்றில் உன் பெயர், மற்றதில் பிள்ளையின் பெயர். ஏன் இரண்டு என்று நான் கேட்கவில்லை. இரண்டையும் பழைய விலாசத்திலேயே கொடுக்கலாமா என்று அவர் கேட்கிறார். அவர் புறப்படமுதல் ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
அப்பா