எங்கள் வீட்டு ஃபர்னஸ் நின்று எரிய உதவியவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். குளிருக்கு எங்கள் வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் நான்கு நாட்களாகப் பற்றுவதும் அணைவதுமாக இருந்தபோது துணைநின்ற உங்கள் ஒவ்வொருவரையும் நேரில் கண்டு நன்றி சொல்வதே முறை. ஆயினும் ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது என்பதால், அனைவரும் சேர்ந்து படிக்கும்படி இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, "எத்தனை வினாடி எரிந்தபின் அணைகிறது?" என்று தொலைபேசியில் கேட்ட நண்பருக்கு. அதுவரை நான் எல்லோரிடமும் "நின்றுவிடுகிறது" என்று மட்டுமே சொல்லி வந்தேன். உங்கள் சொற்படி கடிகாரமும் கையுமாக அமர்ந்து பார்த்தேன். புகையை வெளியேற்றும் சிறு மோட்டார் முதலில் சுழன்றது, தீயைப் பற்றவைக்கும் இக்னைட்டர் சிவந்தது, பர்னர்கள் பற்றின, ஐந்தாறு வினாடிகளில் அணைந்தன. மூன்று முறை இவ்வாறே நடந்தபின் ஃபர்னஸை இயக்கும் மின்னணுப் பலகையான கன்ட்ரோல் போர்டு முயற்சியையே நிறுத்திக்கொண்டது. "வினாடிகளில் அணைந்தால், பெரும்பாலும் தீ எரிவது போர்டுக்குத் தெரியவில்லை, நிமிடக்கணக்கில் எரிந்து அணைந்தால், பெரும்பாலும் உள்ளே சூடு மிஞ்சுகிறது" என்று நீங்கள் பிரித்துச் சொன்ன பிறகே எனக்குத் திசை தெரிந்தது. போர்டில் சிமிட்டிய விளக்கை எண்ணி, கதவின் உட்புறம் ஒட்டியிருந்த அட்டவணையுடன் ஒப்பிட்டபோது அதுவும் தீ உணரப்படவில்லை என்றே காட்டியது.

கருவிப்பெட்டியுடன் வந்த எதிர்வீட்டுத் தம்பிக்கு அடுத்த நன்றி. மின்சாரத்தையும் கேஸையும் நிறுத்தாமல் ஒரு திருகைக்கூடத் தொடமாட்டேன் என்று நீங்கள் காட்டிய கண்டிப்பை நான் மறக்கமாட்டேன். தீ எரிகிறதா என்று உணர்ந்து போர்டுக்குத் தெரிவிக்கும் ஃபிளேம் சென்சார் என்பது தீக்குள் நீண்டிருக்கும் ஒரு மெல்லிய உலோகக் கம்பிதான். அதற்கு மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது. தீ மின்சாரத்தைச் சிறிதளவு கடத்துவதால், சில மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் தீயின் வழியே பாய்கிறது. கம்பியின்மேல் கண்ணுக்கு எளிதில் புலப்படாத படிவு ஏறிவிட்டால் அந்த மின்னோட்டம் குன்றிவிடும். தீ எரிந்துகொண்டிருந்தாலும் போர்டு அதை நம்பாமல் கேஸ் வால்வை மூடிவிடும். எரியாத கேஸ் வீட்டுக்குள் சேராமல் காப்பது இந்த நம்பாமைதான் என்று நீங்கள் விளக்கியபோது, அத்தனை நாள் அந்த இயந்திரத்தின்மீது இருந்த கோபம் எனக்குத் தணிந்தது. மெல்லிய ஸ்டீல் வுல் என்னும் இரும்பு நாரால் கம்பியை மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துப் பொருத்தினீர்கள். அன்றிரவு வீடு சூடாயிற்று.

மறுநாள் மாலையில் மீண்டும் அணைந்தது. ஆனால் இம்முறை பத்து நிமிடம் எரிந்தபின் அணைந்தது. காற்றைத் தள்ளும் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. லிமிட் ஸ்விட்சே பழுது என்று முடிவுகட்டி, அதன் இரு வயர்களையும் நேரடியாக இணைத்துவிட எண்ணியிருந்தேன். அந்நேரத்தில் வந்து தடுத்த பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. சூடு எல்லை மீறும்போது தீயை அணைப்பதற்கென்றே இருக்கும் அந்த ஸ்விட்சை விலக்கினால், தீயின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் அளவுக்கு மீறிக் காய்ந்து விரிசல் விடலாம். அவ்விரிசல் வழியே கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு வீட்டுக்குள் கலக்கலாம். இதைச் சொல்லிவிட்டு ஐயா என்னை அறை அறையாக அழைத்துச் சென்றார். சிக்கனம் என்று கருதி நானே நான்கு அறைகளின் காற்றுத் திறப்புகளை மூடி வைத்திருந்தேன். ஃபில்டரோ தூசியால் அடைபட்டிருந்தது. போதிய காற்று ஓடாததால் வெப்பம் உள்ளேயே தேங்கியிருக்கிறது. திறப்புகளைத் திறந்து, ஃபில்டரை மாற்றியபின் அந்தத் தொல்லை நீங்கியது.

இறுதியாக வந்து முழுவதையும் சோதித்த தொழில்நுட்பருக்கு: ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் உண்டா, புகைக்குழாய் அடைபட்டுள்ளதா, நீர் வடியும் குழாய் சீராக உள்ளதா என்று பொறுமையாகப் பார்த்தீர்கள். தளர்ந்திருந்த கிரவுண்ட் வயரின் திருகை நீங்கள் இறுக்கியவுடன், சென்சார் வழியே பாயும் மின்னோட்டத்தின் அளவு 2 மைக்ரோ ஆம்பியரிலிருந்து 3.5 ஆக உயர்ந்ததை நானே மீட்டரில் கண்டேன். புதிய ஃபர்னஸ் தேவையில்லை என்று நீங்களே முன்வந்து சொன்ன நேர்மைக்கு என் வணக்கம்.

என் தாயாரை இரண்டு இரவுகள் உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட மேல்தெரு அக்காவுக்குச் சொல்லும் நன்றி சொற்களில் அடங்காது. அவரோடு தந்தனுப்பிய கார்பன் மோனாக்சைடு அலாரத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொண்டுவருகிறேன். எங்கள் வீட்டில் தளத்துக்கு ஒன்றாகப் புதிதாக வாங்கி மாட்டிவிட்டோம்.

மிக்க நன்றியுடன்,
உங்கள் அண்டை வீட்டார்