தியாகமாம்ல

செல்வி,

போன் பண்ணா நீ பேசிட்டே இருப்ப நான் உம் கொட்டிட்டே வெச்சிடுவேன், அதான் டைப் பண்றேன். குன்னூர்ல விடாத மழை, துணி காயல, அம்மா மூட்டுவலி அப்படியேதான்.

விஷயம் என்னன்னா, கோயமுத்தூர் ப்ரமோஷன வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். குதிக்காத, முழுசா படி. ஆபீஸ்ல எல்லாரும் "அம்மாவுக்காக எவ்ளோ பெரிய தியாகம்"னு ஒரே புகழ்ச்சி, அதுலயும் என்ன மாதிரி கால தாங்கற காலிபர் கம்பி போட்டவ தியாகம் பண்ணா டபுள் மார்க் போல. நாம பச்சைக்குடைன்னு பேர் வெச்சோமே, அவங்க வீட்டுக்கே வந்து கண் கலங்கிட்டுப் போனாங்க, உன்ன நெனச்சு சிரிப்ப அடக்கறதுக்குள்ள போதும்போதும்னு ஆயிடுச்சு.

நீ குடுத்த 'ஆஃப் ஹ்யூமன் பாண்டேஜ்' முடிச்சாச்சு. 1915ல வந்த புக்கு, இன்னும் சுடுது. எழுதின சாமர்செட் மாமுக்கு திக்குவாயாம்ல, அதத்தான் ஹீரோ பிலிப்போட வளைஞ்ச பாதமா மாத்திட்டார்போல. ஸ்கூல்ல பசங்க கைய முறுக்கி கால வெளிய காட்ட வெக்கறாங்க பாரு, அப்புறம் அவன் ராத்திரி முட்டி போட்டு வேண்டிட்டு காலைல எந்திரிச்சு கால் சரியாயிடுச்சான்னு தடவிப் பாக்கறான், அங்க புக்க மூடிட்டேன். எனக்காக எங்கம்மா ஏறாத கோயில், போகாத சர்ச் உண்டா சொல்லு.

ஆனா "கடைசில சாலிக்காக ஸ்பெயின் கனவ தியாகம் பண்ணிட்டான்"னு நீ சொன்னியே, அது இல்லடி. அவன் பழகின பொண்ணு சாலி கர்ப்பமோன்னு ஒரு சந்தேகம், உடனே இவன் பெரிய மனுஷனாட்டம் எல்லாத்தையும் விட்டுட்டு கட்டிக்கறேன்னு கிளம்பறான். லண்டன் நேஷனல் கேலரில அவ வந்து அப்படி ஒண்ணும் இல்லன்னு சொல்லிடறா. விட்டுது சனின்னு ஓடணும்ல? மனசு சோர்ந்து போறான். அப்பதான் தெரியுது, வீடு, பொண்டாட்டி, நிம்மதி, அதத்தான் அவனே ஆசப்பட்டிருக்கான், தியாகம்ங்கறது சும்மா சொல்லிக்க வசதியா இருந்திருக்கு. முன்னாடி அவன் உருகி உருகி காதலிச்ச மில்ட்ரெடும் அவன் ப்ரெண்டு க்ரிஃபித்ஸும் ஊர் சுத்த இவனே காசு குடுத்தானே, வெளிய இருந்து பாத்தா அதுதான் தியாகம், உள்ள தன்னையே செருப்பால அடிச்சுக்கறான். (உன் ஹாஸ்டல் பீஸ் கத ஞாபகம் வந்துச்சு, சரி விடு.)

ஒண்ணே ஒண்ணு எனக்கு ஒத்துக்கல. கால் இப்படி இருந்ததாலதான் அழகெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சுதுன்னு நெனச்சுக்கறான். எனக்கு ரெண்டு காலும் நல்லா இருந்தாலும் சிம்ஸ் பார்க் அழகாத்தான் தெரிஞ்சிருக்கும். சாலிக்கு வேற கோவமே வராது, அப்படி ஒருத்திய நான் பாத்ததில்ல.

அம்மா ஒரு சாக்குதான் செல்வி. எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு. பெட்போர்டு ஸ்டாப்ல நான் வர்ற வரைக்கும் டிரைவர் பஸ்ஸ எடுக்க மாட்டார், பரிதாபத்துல இல்ல, அது என் ஸ்பீடுன்னு அவருக்குப் பழகிடுச்சு. கோயமுத்தூர்ல மறுபடி முதல்ல இருந்து எல்லார் கண்ணையும் பழக்கணும். ஆனா இது ஆசையா, இல்ல பயமா? பிலிப்புக்கும் அது பாதி பயமா இருந்திருந்தா? மாம் அதக் கேக்கவே இல்ல, கல்யாணப் பேச்சோட முடிச்சிட்டார். எனக்கு ராத்திரில தூக்கம் வரல.

லீவு கெடச்சா வா, வர்க்கி வாங்கி வெக்கறேன். வந்து அம்மா முன்னாடி மட்டும் தியாகம் கியாகம்னு வாயத் தெறந்துடாத, "நான் எப்படி உன்ன இருக்கச் சொன்னேன்"னு ஏற்கனவே சட்டிய உருட்டிட்டு இருக்காங்க.

கலா