பாப்பாவின் கால் தரையில் ஊன்ற வேண்டும்

பாளையங்கோட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய 40,000 ரூபாய் வெள்ளிக்கிழமையே கணக்கில் ஏறிவிட்டது. தங்கச்சி பாப்பாவுக்கு ஸ்கூட்டர் வாங்கித் தர வேண்டும் என்று உனக்கே தோன்றியதில் அப்பாவுக்கும் எனக்கும் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! போனில் பேசினால் ஆபீஸ் அவசரத்தில் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ குறித்து அனுப்பிய வண்டியை வாங்கப் போவதில்லை. வருத்தப்படாமல் முழுவதும் படி.

நேற்று சாயங்காலம் பாப்பாவும் நானும் மூன்று கடை ஏறி இறங்கினோம். உன் லிஸ்டில் முதலில் இருந்த 125 சிசி வண்டியில்தான் அவளை முதலில் உட்கார வைத்தேன். அழகான வண்டிதான். போனை இணைத்தால் முன்னால் உள்ள திரையில் வழி காட்டுகிறது. அவள் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து அவள் காலைப் பார்த்தேன். சமையல்கட்டில் மேல்தட்டு டப்பாவை எடுக்க எம்பி நிற்பாளே, அப்படி இரண்டு பக்கமும் விரல் நுனி மட்டும் தரையில் இருந்தது. "ஓட ஆரம்பிச்சா கால் எதுக்கும்மா?" என்றார் கடைத் தம்பி. புதிதாக ஓட்டுகிற பிள்ளை விழுவது பெரும்பாலும் நிற்கும்போதுதான் என்று அவருக்கு யார் சொல்வது? சிக்னலில் நிற்கும்போது, ஈரடுக்குப் பாலத்து ஏற்றத்தில் முன்னால் போன ஆட்டோ திடீரென்று நிற்கும்போது, கடை வாசலில் வண்டியைத் திருப்பும்போது. அந்த நேரத்தில் வண்டியைத் தாங்குவது எஞ்சின் இல்லை, கால்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உனக்கு நினைவிருக்கும். 2018இல் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தபோது, வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் என்றார்கள். நாற்பது வயது வரைதான் தருவார்கள் என்பதால், 38 வயதில் அவசர அவசரமாக எல்.எல்.ஆர். போட்டேன். வண்டியைத் தேர்ந்தெடுத்தது உன் சித்தப்பா. மைலேஜ் பார்த்தார், திருப்பி விற்றால் என்ன விலை போகும் என்று பார்த்தார். வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் நான் அதில் முதல்முறை உட்கார்ந்தேன். அவரைக் குறை சொல்லவில்லை, பாசத்தோடுதான் செய்தார். ஆனால் நாலாவது நாள் பின்பக்கக் காலி மனையில் வண்டியைத் திருப்பும்போது பேலன்ஸ் போய், ஊன்றிய கால் எட்டாமல், வண்டியோடு முள்ளுச்செடிக்குள் சாய்ந்தேன். பயத்தில் கை ஆக்ஸிலரேட்டரை இன்னும் இறுக்கிப் பிடித்ததால் பின்சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஓடி வந்து சாவியை அணைத்து, என் கால் மேல் கிடந்த வண்டியைத் தூக்கியது நீதான். பாப்பா திண்ணையில் நின்று அழுதாள். அப்புறம் ஆறு மாதம் நான் அந்த வண்டியைத் தொடவே இல்லை. அந்தப் பயம் அவளுக்கு வரக் கூடாது, ஐயா.

அவளுக்குப் பதினாறு நடந்தபோதே வாங்கித் தரலாம் என்றாய். நான் பிடிவாதமாக மறுத்ததில் உனக்கு இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல் இருக்கிறது என்று தெரியும். பதினாறு வயதில் லைசென்ஸ் உண்டுதான், ஆனால் கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். தாத்தா காலத்து டி.வி.எஸ். 50 போன்ற வண்டிகளுக்குப் பொருந்திய சட்டம் அது. இன்று கடையில் நிற்பதெல்லாம் 110, 125. அதையெல்லாம் ஓட்டப் பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். 2019இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, சின்னப் பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்தால் பெற்றவர்களுக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஒரு வருடத்துக்கு ஆர்.சி. ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட் மோட்டார் உள்ள எலக்ட்ரிக் வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று நீ அனுப்பியதையும் படித்தேன். உண்மைதான். ஆனால் வண்ணார்பேட்டையில் பஸ்ஸும் லாரியும் அவளுக்கென்று மெதுவாக வருமா?

காத்திருந்ததில் நஷ்டம் ஒன்றும் இல்லை. எல்.எல்.ஆர். எடுத்து, என் பழைய வண்டியில் எல் போர்டு கட்டி, மூன்று மாதம் பழக்கினேன். முதல் இரண்டு நாள் எஞ்சினையே போட விடவில்லை. தள்ளிக்கொண்டு போ, ஸ்டாண்டு போடு, லேசான இறக்கத்தில் உருட்டி பிரேக் பிடி, அவ்வளவுதான். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், அப்புறம் அவளுக்கே புரிந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுவிட்டாள். லைசென்ஸ் ஸ்பீட் போஸ்டில் வந்த அன்று கவரைப் பிரிக்காமல் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

சரி, வண்டிக்கு வருகிறேன். சிசி கூடினால் எடை கூடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. யமஹா ஃபசினோ 125 சிசிதான், ஆனால் 99 கிலோ. டி.வி.எஸ். ஜெஸ்ட் 110 சிசி, அது 103 கிலோ. எடையை மட்டும் பார்த்தால் ஃபசினோதான். ஆனால் அதன் சீட் உயரம் 780 மில்லிமீட்டர், ஜெஸ்டில் 760. இரண்டே சென்டிமீட்டர் வித்தியாசம்தான் என்று உனக்குத் தோன்றும். ஐந்தடி ஒரு அங்குலம் இருக்கிற பிள்ளைக்கு அந்த இரண்டு சென்டிமீட்டரில்தான் குதிகால் இருக்கிறது. சீட்டு அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் இன்னும் கொஞ்சம் மேலே போய்விடும். அதை எந்த நோட்டீஸிலும் போட மாட்டார்கள், உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ஜெஸ்டில் உட்கார்ந்ததும் இரண்டு குதிகாலும் தரையில் படிந்தன. அவள் தோள் இறங்கியதையே பார்த்தேன்.

ஆனால் ஜெஸ்டுக்கு இரண்டு சக்கரமும் 10 அங்குலம். நம் ஊர் ரோடு இப்போது இருக்கிற இருப்பில், தோண்டி மூடிய பள்ளத்தில் சின்னச் சக்கரம் தொபுக்கென்று இறங்கும், ஹேண்டில் உதறும். அதே டி.வி.எஸ்.ஸின் ஜூபிடர் வண்டிக்கு இரண்டு பக்கமும் 12 அங்குலம். சில கிலோ கூடுதல்தான், இருந்தாலும் அதிலும் அவளுக்குக் கால் நன்றாக எட்டியது. மூன்று தடவை சென்டர் ஸ்டாண்டு போட்டு எடுக்கச் சொன்னேன். கையால் இழுக்காமல் ஸ்டாண்டைக் காலால் மிதித்து, அந்த மிதியிலேயே வண்டியை ஏற்றினாள். பெட்ரோல் மூடி வெளியிலேயே இருப்பதால் பங்க்கில் சீட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கவும் வேண்டாம். எனக்கு மனசு அதில்தான் நிற்கிறது. அவளுக்கும்தான்.

பிரேக் விஷயமும் சொல்ல வேண்டும். என் வண்டியில் இடது பிரேக்கைப் பிடித்தால் பின்சக்கரம் மட்டும்தான் நிற்கும். பழகுகிற பிள்ளைகள் ஒன்று இடதை மட்டும் பிடிப்பார்கள், இல்லையென்றால் பதற்றத்தில் வலதை ஒரேயடியாக இறுக்கி மணலில் சறுக்குவார்கள். 2019 ஏப்ரலில் வந்த சட்டத்துக்குப் பிறகு, 125 சிசி வரையுள்ள ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் இரண்டு பிரேக்கும் இணைந்தே வருகின்றன. இடதைப் பிடித்தால் முன்சக்கரமும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். பழைய வண்டியே போதும், இந்தப் பணத்தை அவள் படிப்புக்கு வைக்கலாம் என்று அப்பா சொன்னபோது, புதுசுதான் வேண்டும் என்று நான் நின்றதற்கு இது ஒன்றே காரணம்.

எலக்ட்ரிக் வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போதைக்கு வேண்டாம். மாடி வீட்டில் சார்ஜ் போட இடமில்லை. அதோடு சத்தமே இல்லாத வண்டி ஆனில் இருப்பதை மறந்து கைப்பிடியைத் திருகிவிடுவாளோ என்று எனக்குப் பயம். இரண்டு வருடம் ஓட்டட்டும்.

கடையில் சொல்கிற விலையைப் பார்த்துக் கணக்குப் போடாதே. ரோடு டாக்ஸ், பதிவு, ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுகிற மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எல்லாம் ஏறித்தான் ரோட்டுக்கு வரும். உன் பணம் போக மீதியை நான் சீட்டுப் பணத்தில் போடுகிறேன். அலங்காரக் கம்பி எதுவும் மாட்டப் போவதில்லை. சேலை, ஷால் சிக்காமல் பின்சக்கரத்துக்குப் போடும் தடுப்பு மட்டும் கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஷாலைப் பின்னால் முடிந்துகொள்ளாமல் சாவியைத் தொடக் கூடாது என்பது அவளுக்கும் எனக்கும் ஒப்பந்தம்.

ஹெல்மெட்டும் நேற்றே வாங்கிவிட்டோம், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது. புருவத்துக்கு மேலே டேப் சுற்றி அளந்து எடுத்தேன். இரட்டைச் சடை போட்டால் உள்ளே போகவில்லை, கழுத்துக்குக் கீழே ஒற்றைச் சடை என்றால் சரியாக உட்காருகிறது. தலையை ஆட்டச் சொன்னேன், அசையவில்லை.

பொங்கலுக்கு வரும்போது உன் தலை அளவுக்கு ஒரு ஹெல்மெட் கொண்டு வா. ஜங்ஷனுக்கு அவள்தான் வந்து கூட்டிப்போவாளாம். சாவியை அவளிடமிருந்து வாங்காதே, பின்னால் உட்கார். வழியில் "பார்த்து, பார்த்து" என்று கத்தாதே, அதில்தான் அவள் பதறுவாள்.

புதன்கிழமை அட்வான்ஸ் கட்டுகிறேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் செவ்வாய் இரவுக்குள் சொல். கலரை மட்டும் அவளிடமே விட்டுவிட்டேன். நீலம் என்கிறாள்.

அன்புடன்,
அம்மா