பேட்டரியை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் என்ற இரண்டு சீட்டர் காரைப் பழையதாக வாங்கிப் புதுச்சேரியில் ஓட்டுகிறேன். ரெனோவின் 1149 சிசி இன்ஜின், ஃபைபர் பாடி. பாடி துருப்பிடிக்காது, சரி, ஆனால் ஃபைபரில் கரண்ட் போகாதே! சாதாரண காரில் தகடே எர்த்தாகிவிடும், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியாகிவிடும். இதில் விளக்குகளின் எர்த் ஒயர் தனியாக சேசிஸ் என்ற அடிச்சட்டம் வரை போக வேண்டும், நம் கடற்காற்றோ அந்த முனைகளில் பச்சையாகப் பூக்க வைத்துவிடுகிறது.

ஹெட்லைட் போட்டால் இண்டிகேட்டர் மங்கும், செல்ஃப் முக்கி முனகித்தான் சுற்றும். பட்டறையில் பேட்டரியை மாற்றினார்கள், அப்புறம் ஆல்டர்னேட்டர் போச்சு என்றார்கள், மீட்டரை மட்டும் யாரும் கையில் எடுக்கவில்லை. வேறொரு பெரியவர்தான் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னார். எர்த் இணைப்பு நன்றாக இருந்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 1 வோல்ட்டைத் தாண்டியது. எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, ஒயர் முனைக்குப் புது லக் (உலோக வளையம்) அடித்து, முறுக்கியபின் வாசலின் தடவினார், அவ்வளவுதான் வேலை.

பட்டறைக்காரர்கள் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் தரட்டும், அளந்த வோல்ட்டைப் பில்லில் எழுதட்டும். இதை உங்கள் நாளிதழ் வலியுறுத்தினால் கடலூர், புதுச்சேரி வண்டிக்காரர்களுக்குக் காசு மிச்சம்.

- வாசகர், முத்தியால்பேட்டை