விலை பேசும் நாளும் அடுப்பு மூட்டும் நாளும்

கொக்குவில், யாழ்ப்பாணம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இராமல், என்னைப் போல நீயும், மட்டக்களப்பில் உன் மைத்துனரின் கல்யாணச் சமையல் தொழிலில் பங்கு சேரப் போகிறாய் என்று படித்ததும் பெரிய மகிழ்ச்சி. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண்ணில் செய்த சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது பத்திரிகை வந்ததும் எனக்கு முன்பே எடுத்து வாசித்துவிடுகிறார். மகளுக்குப் பேராதனையில் இது இறுதி ஆண்டு.

பணவீக்கம் இறங்கிவிட்டது என்று சொன்ன பிறகும் மொத்தக் கடைக்காரர்கள் ஏன் விலையை இறக்கவில்லை, எல்லாம் பதுக்கலா என்று கேட்டிருந்தாய். பதுக்கலே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிட்டால் இந்தத் தொழிலில் நீ நிலைக்க முடியாது.

முதலில் அந்த இறக்கத்தைப் பார். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் அது பூச்சியத்துக்கும் கீழே 5.2 வீதம் போனது. அதாவது 100 ரூபாய்ச் சாமான் ஏறக்குறைய 195 ரூபாயாகி, பிறகு 185 ரூபாய்க்கு வந்தது. இறங்கியது உண்மைதான். ஆனால் கல்யாண வீட்டார் மனதில் இருப்பது இன்னும் அந்த 100 ரூபாய்தான்.

ஏறியதற்குப் பெரிய காரணம் டொலர். 2022 மார்ச் தொடக்கம் வரை 200 ரூபாயளவில் பிடித்து வைத்திருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. பருப்பு, சீனி, செத்தல் மிளகாய், கோதுமை எல்லாம் கப்பலில் வருகிறவை. அதற்கு முன்பே 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்து உள்ளூர் விளைச்சலையும் குலைத்திருந்தார்கள். பிறகு 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனது. அதுவரை விலக்கு பெற்றிருந்த சமையல் எரிவாயுவும் டீசலும் அந்த வரிக்குள் வந்தன. எனவே டொலர் சற்று இறங்கினாலும் அந்த இறக்கம் நம் அடுப்படி வரை முழுதாக வருவதில்லை.

இவையெல்லாம் நாட்டுக்குப் பொதுவானவை. சமையல்காரனை நேராகத் தாக்குவதைத் தெரிந்துகொள்ள வெங்காயத்தைப் பார். 2023 டிசம்பர் 8ஆம் திகதி இந்தியா பெரிய வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. மகாராஷ்டிரத்தில் விளைச்சல் குறைந்ததும், இந்தியப் பொதுத் தேர்தல் நெருங்கியதும் அதற்குப் பின்னணி. தம்புள்ளை, மாத்தளைப் பக்கத்து அறுவடை அதற்குள் முடிந்திருந்தது. கொழும்புப் புறக்கோட்டை மொத்தச் சந்தையில் ஏறிய விலை இங்கே சுன்னாகத்துக்கு வர அதிக நாள் பிடிக்கவில்லை. மொத்தக் கடைக்காரர் கையிலிருந்த பழைய மூட்டைக்கும் புது விலை சொன்னார். எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அந்த மூட்டையை விற்ற காசில்தான் அவர் அடுத்த மூட்டையை வாங்கவேண்டும், அதுவும் புது விலைக்கு. அவருடைய நிலையில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். தடை 2024 மே மாதம்தான் நீங்கியது. இடையில் தை மாதக் கல்யாணங்கள் முழுவதும் வந்து போயின.

தேங்காய் வேறு மாதிரி. பாளை வெடித்து தேங்காய் முற்ற ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும். ஆகவே இந்த ஆண்டு வரட்சியின் அடி அடுத்த ஆண்டுதான் சந்தையில் விழும். அதே தேங்காய்க்கு எண்ணெய் ஆலையும், தேங்காய்ப்பால் ஏற்றுமதி செய்கிறவர்களும் போட்டிக்கு நிற்கிறார்கள். 2024 கடைசியில் கண்ட விலையில் ஒரு சொதி வைக்கவே யோசிக்க வேண்டியிருந்தது. சொதி இல்லாமல் யாழ்ப்பாணத்தில் பந்தி போட முடியுமா, சொல்!

மரக்கறியின் விலையை வானமும் பஞ்சாங்கமும் சேர்ந்து எழுதுகின்றன. கார்த்திகை மழையில் வலிகாமத்துத் தோட்டங்களில் தண்ணீர் நின்றால் கத்தரியும் பயிற்றங்காயும் அழுகிவிடும். காற்று அடித்தால் நீர்வேலி வாழைகள் சாய்ந்து, தலைவாழையிலைக்கு அலைய வேண்டிவரும். நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடியேறினால் 25 நாளும் பல வீடுகளில் மீன், இறைச்சி என்று மச்சம் சமைப்பதில்லை. மீன் இறங்கும், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி ஏறும். அதன் வால் பிடித்தே ஆவணி முகூர்த்தங்களும் வந்துவிடும்.

இதில் என் மனதை அறுப்பது வேறொன்று. கமக்காரர் 100 கிலோ கொண்டுவந்தால் ‘கழிவு’ என்று பத்துக் கிலோவைத் தள்ளி 90 கிலோவுக்கே காசு கொடுக்கும் வழக்கம் இங்கே சந்தைகளில் நீண்ட காலமாக இருக்கிறது. அந்தப் பத்துக் கிலோவின் இலாபம் வாங்குகிற நமக்கும் வருவதில்லை. நெல்லும் அப்படித்தான். காயப்போட இடமும், வைத்திருக்கக் களஞ்சியமும் போதாமல், கடனுக்குப் பயந்து, கிளிநொச்சிக் கமக்காரர் வயற்கரையிலேயே ஈர நெல்லை விற்றுவிடுகிறார். அதில் பெரும் பங்கு பொலன்னறுவை ஆலைகளுக்குப் போய் அரிசியாகத் திரும்புகிறது. இரண்டு வழி லொறிக் கூலியும் நம் தலையில். உன் ஊர் நெல்லுக்கும் இதே பாதைதான் என்பது உனக்குத் தெரியும்.

ஆனாலும் மச்சான், விலை உயர்ந்திருப்பது மட்டும் நம்மைக் கெடுப்பதில்லை. உயர்ந்த விலையிலும் கணக்குப் போட்டுப் பிழைக்கலாம். சாப்பாட்டுக்கடைக்காரர் நாளைக் காலையே பலகையில் புது விலை எழுதிவிடுவார். நாமோ தை மாதம் ஒரு இலைக்கு இவ்வளவு என்று முற்பணம் வாங்கி, ஆவணியில் அடுப்பு மூட்டுகிறோம். இடையிலுள்ள மாதங்களில் டெல்லியில் எடுக்கும் முடிவும், கொழும்பில் போடும் வரியும், மழையும் கூட்டுகிற செலவெல்லாம் நம் கையிலிருந்துதான் போகிறது. மொத்த விலையில் வரும் எந்த ஏற்றத்தையும் விருந்தாளி அன்று உணர்வதில்லை.

அதனால் நான் செய்வதைச் சொல்கிறேன். முற்பணம் வந்த அன்றே பருப்பு, சீனி, செத்தல் மிளகாய் போன்ற கெடாத சாமான்களுக்கு அதில் ஒரு பங்கை ஒதுக்கி வாங்கிவிடு. ஒப்பந்தத்தில் கரட், போஞ்சி என்று பெயர் எழுதாதே. அந்தக் காலத்தில் நன்றாகக் கிடைக்கும் மரக்கறியில் இரண்டு கறி என்று எழுது. பூசணியையும் வாழைக்காயையும் நன்றாகச் சமைத்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். தேங்காய்க்கும் எரிவாயுவுக்கும் மட்டும் அன்றைய விலையைக் குறித்து, அதற்கு மேல் ஏறினால் வித்தியாசத்தை அவர்கள் தரவேண்டும் என்று வெளிப்படையாகப் பேசு. முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, பேசு. வேலையாட்களின் கூலியில் மட்டும் கைவைத்துவிடாதே. விலையேற்றம் அவர்கள் வீட்டு உலைக்கும் இதே அளவுதான் வந்திருக்கிறது.

உன் மைத்துனரின் பழைய கணக்குப் புத்தகங்களில் தேங்காய், அரிசி, எரிவாயு விலைகளை மாதம் மாதமாகப் பார்த்து எழுதி அனுப்பு. என்னுடையவற்றோடு வைத்து ஒப்பிட்டு, ஒரு இலைக்கு நீ என்ன விலை சொல்லலாம் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன். ஆவணிக்கு முற்பணம் வாங்குவதற்கு முன் அனுப்பிவிடு.

அன்புடன்,
உன் மச்சான்