அந்த பஸ் ஓட்டுநரையும் காட்டுங்கள்

இருண்ட எதிர்காலத்தைப் படமாக்கும் இயக்குநர்களுக்கும் திரைக்கதை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். டிஸ்டோபியா, அதாவது இருண்ட எதிர்காலத்தைக் காட்டும் படம் எது வந்தாலும் தேடிப்பிடித்துப் பார்த்துவிடுகிறவன் நான். மேலே சிலர், கீழே பலர், நடுவில் காவல் என்று நீங்கள் கட்டியெழுப்பும் உலகங்கள் பல இரவுகள் என்னைத் தூங்கவிட்டதில்லை. அந்த நன்றியோடுதான் என் மனக்குறையையும் எழுதுகிறேன். அடக்குமுறை முழுவதையும் ஒரே ஒரு கொடியவனின் தலையில் ஏற்றிவிடுகிறீர்கள். அவன் விழுந்ததும் படத்தை முடித்துவிடுகிறீர்கள்.

2011இல் வந்த ‘இன் டைம்’ படத்தில் பணம் என்பதே கிடையாது, ஆயுள்தான் நாணயம். மிச்சமிருக்கும் நேரம் ஒவ்வொருவர் முன்கையிலும் பச்சை எண்களாக ஓடிக்கொண்டிருக்கும். நாயகனின் தாய் பஸ் ஏற வருகிறாள். ஒரு மணி நேரமாக இருந்த கட்டணம் இப்போது இரண்டு மணி நேரம் என்கிறார் ஓட்டுநர். அவளிடம் இருப்பதோ ஒன்றரை மணி நேரம்தான். நடந்து போகவே இரண்டு மணி நேரம் ஆகும். ஓடுகிறாள். எதிரே மகனும் ஓடி வருகிறான். அவன் கைகளில் வந்து விழும்போது எண்கள் தீர்ந்துபோயிருக்கின்றன.

அந்தக் காட்சியில் துப்பாக்கி இல்லை, மிரட்டல் இல்லை. எங்கோ யாரோ கட்டணத்தை உயர்த்தினார்கள், ஓட்டுநர் அதைச் சொன்னார், அவ்வளவுதான். அதிகாரம் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது என்று நெஞ்சு பதறியது. ஆனால் அதே படம் பிற்பாடு வங்கிக் கொள்ளையும் துரத்தலுமாக மாறியபோது, கைக்கு வந்த உண்மையை நழுவவிட்டதாகவே எனக்குப் பட்டது.

‘பிரேசில்’ (1985) அதை நழுவவிடவில்லை. அச்சு இயந்திரத்துக்குள் ஒரு பூச்சி விழுகிறது, கைது உத்தரவில் இருக்கும் பெயரில் ஒரு எழுத்து மாறுகிறது, குற்றமற்ற ஒருவனை வீடு புகுந்து இழுத்துப்போகிறார்கள். கணவனைக் கொண்டுபோனதற்கு மனைவியிடம் ரசீதில் கையெழுத்து வாங்குகிறார்கள்! பேனாவை நீட்டும் அந்த அதிகாரிக்கு அவள்மீது எந்தப் பகையும் இல்லை. அதுதான் என்னை நடுங்க வைத்தது.

முடிவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1927இன் ‘மெட்ரோபோலிஸ்’ மண்ணுக்கடியில் உழைப்பவர்களையும் வானுயர்ந்த கோபுரங்களில் வாழ்பவர்களையும் காட்டிவிட்டு, முதலாளியும் தொழிலாளர் மேற்பார்வையாளரும் கைகுலுக்குவதோடு நிறைவடைகிறது. நடுவே நின்று அந்தக் கைகளைச் சேர்த்துவைப்பவன் முதலாளியின் மகன். மறுநாள் வேலை நேரம் குறைந்ததா? இயந்திரங்கள் யாருடையவை? படம் சொல்வதில்லை. அந்த முடிவு தனக்கே பிடிக்கவில்லை என்று இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

‘ஸ்னோபியர்சர்’ (2013) இன்னும் துணிந்து போகிறது. எஞ்சிய மனிதர்களைச் சுமந்து ஓயாமல் ஓடும் ரயிலில், ஏழைகள் அடைபட்ட கடைசிப் பெட்டியிலிருந்து போராடி எஞ்சின் வரை வந்தவனுக்கு, எஞ்சின் அதிபர் தன் இருக்கையையே தர முன்வருகிறார். அந்தக் கலகமே அதிபரும் கடைசிப் பெட்டியின் தலைவரும் பேசிவைத்து, ஆள்தொகையைக் குறைக்க நடத்தியது என்பதும் அப்போதுதான் தெரிகிறது. தரைப் பலகை பெயர்க்கப்படுகிறது. தேய்ந்துபோன பாகத்துக்குப் பதிலாக உள்ளே ஒரு சிறுவன் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறான். இருக்கையில் ஆள் மாறினாலும் அந்தச் சிறுவன் அங்கேயேதான் இருப்பான் என்பதை அந்த ஒரு காட்சி புரியவைத்துவிடுகிறது.

இன்னொன்று. ஏழைகளைச் சாம்பல் நிற உடையில் திரளும் கூட்டமாக மட்டும் காட்டாதீர்கள். அவர்களுக்குள்ளும் கடன் கணக்கு உண்டு, சண்டை உண்டு, மேலே இருப்பவனுக்காகக் கதவைக் காக்கிறவனும் அவர்களில் ஒருவன்தான்.

அந்த பஸ் ஓட்டுநரின் கையிலும் எண்கள் ஓடிக்கொண்டுதானே இருந்திருக்கும்? அவளை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தபோது அவரிடம் எத்தனை மணி நேரம் மிச்சமிருந்தது? அவரை நாயகனாக வைத்து ஒரு படம் எடுங்கள். வில்லனே வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் ரசிகன்